ஆலோசகர் மாறிக்கொண்டே இருந்தால்: இணையவழி மனநல ஆலோசனையில் ஓராண்டு

நான் பயன்படுத்தும் மனநல ஆலோசனைச் செயலி ஆண்டுச் சந்தாவைக் கணிசமாகக் குறைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அண்மையில் பணி ஓய்வு பெற்ற கும்பகோணத்துத் தோழி, தானும் சேரலாமா என்று கேட்டிருக்கிறார். ஓராண்டுக்கும் மேலாகப் பணம் கட்டிவருபவள் என்ற முறையில் அவருக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். காணொளியில் 50 நிமிட அமர்வு, இடையிடையே எழுத்துச் செய்தி, தமிழில் பேசும் ஆலோசகர்கள் என்பவையெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கின்றன.

முதலில், கிடைத்த நன்மையைச் சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து 60 வயதில் ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே, விடியற்காலை 4 மணிக்கு விழிப்பு வந்துவிடுவதும், சாப்பாட்டில் நாட்டம் குறைவதும், யார் வந்தாலும் எப்போது கிளம்புவார்கள் என்று தோன்றுவதுமாக நாட்கள் கழிந்தன. ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் காத்திருக்கும் இடத்தில் என் மாணவர்களின் பெற்றோர் யாராவது இருப்பார்கள் என்பதால், வீட்டு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பேச முடிந்ததே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. முதல் ஆலோசகர் தேர்ந்தவர். தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 குறைவும் இதே சோர்வைத் தரக்கூடும் என்று விளக்கி, முதல் வேலையாக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். அவை சரியாக இருந்த பிறகு, ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தேன், அதில் எவ்வளவு நிறைவு கிடைத்தது என்று பத்துக்கு மதிப்பெண் இட்டு எழுதச் சொன்னார். மனம் தெளிந்தபின் வேலையைத் தொடங்கலாம் என்று காத்திராமல், சிறு வேலை ஒன்றைத் தொடங்கினால் மனம் மெல்லத் தொடர்ந்து வரும் என்பது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றி மனநிலையைச் சீராக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நன்கு நிறுவப்பட்ட வழி. தொலைக்காட்சி பார்த்த மாலைகளுக்கு இரண்டும் மூன்றும், பக்கத்து வீட்டுச் சிறுமிக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்த அரை மணிக்கு எட்டும் விழுந்திருந்ததை அந்தத் தாளில் பார்த்த பிறகுதான், இப்போது மாலைதோறும் நான் நடத்தும் இலவச வகுப்பு தொடங்கியது.

இத்தனை நன்மை செய்தவர் ஒருநாள் அறிவிப்பே இல்லாமல் மறைந்துபோனார். "உங்களுக்குப் புதிய ஆலோசகர் ஒதுக்கப்பட்டுள்ளார்" என்ற ஒற்றை வரிச் செய்தி மட்டும் வந்தது. புதியவர் பணிவானவர்தான், ஆனால் என்னைப் பற்றிய ஒரு குறிப்பும் அவர் கையில் இல்லை. மனச்சோர்வின் அளவை அறியக் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை மறுபடியும் நிரப்பி, ஓய்வு பெற்ற நாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் சொல்லி, அழுது முடித்த விஷயங்களுக்காக மறுபடியும் அழுது, அதற்கு முழுக் கட்டணமும் கட்டினேன். அவரும் சில மாதங்களில் மாறினார். இப்போது அடுத்தவரும் மாறிவிட்டார். இரகசியம் காப்பதற்காகவே குறிப்புகளைக் கைமாற்றுவதில்லை என்று நிறுவனம் பதில் அனுப்புகிறது. என் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு ஒரு பக்கச் சுருக்கத்தை அடுத்தவரிடம் கொடுப்பதால் எந்த இரகசியம் கெட்டுவிடும்? விடைபெறும் அமர்வும் சிகிச்சையின் ஒரு கட்டம்தான். பேசி முடித்துப் பிரிவதற்கும் நடுவழியில் விடப்படுவதற்கும் உள்ள வேறுபாடு, ஏற்கெனவே எதையோ இழந்து வந்தவருக்கு மிக நன்றாகத் தெரியும்.

டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அச்சேவையில், 14416 என்ற எண்ணை எந்த நேரத்தில் அழைத்தாலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அடுத்த அழைப்பை வேறொருவர் எடுத்தால் எனக்கு அதில் குறையில்லை, ஏனெனில் "உங்களுக்கென்றே ஓர் ஆலோசகர்" என்று சொல்லி அவர்கள் என்னிடம் பணம் வாங்கவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் நேரத்தில், அமர்வு தேதிக்காகக் காத்திருக்க வைக்கும் எந்தச் செயலியையும் நம்பாமல், அந்த எண்ணையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ உடனே நாட வேண்டும் என்பதையும் தோழிக்கு அழுத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு பாராட்டிய பிறகும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்களுக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த முதல் ஆலோசகருக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன். குறைந்த விலையைக் கண்டு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம் என்பதே தோழிக்கு என் பதில். மாதக் கட்டணத்தில் சேரட்டும். மருத்துவ உளவியலாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவரிடம் அத்துறையினரைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேட்கட்டும். ஆலோசகர் விலகினால் முன்னறிவிப்பும் கடைசி அமர்வு ஒன்றும் உண்டா, குறிப்புச் சுருக்கம் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கட்டும். நானும் அதே கேள்விகளை அனுப்பியிருக்கிறேன். தெளிவான பதில் வராவிட்டால் இந்த மாதத்துடன் நிறுத்திவிடுவேன்.