முன்கண்ணாடிக்கு டிண்டட் ஒட்டிய பின் பகலில் விளக்கு எரிகிறதா? சென்சாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

கோலாலம்பூரில் காருக்கு டிண்டட் (கண்ணாடியைக் கருப்பாக்கும் ஃபிலிம்) ஒட்டக் கொடுக்கவிருப்பவர்கள் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜாலான் ஈப்போவில் ஒரு கடையில் முன்கண்ணாடிக்குப் புது ஃபிலிம் ஒட்டிய மறுநாளிலிருந்து, என் காரின் முகப்பு விளக்குகள் உச்சி வெயிலிலும் தாமாகவே எரியத் தொடங்கின. கூடவே மீட்டரும் இரவு நேரம்போல மங்கிவிட, வேகத்தைப் பார்ப்பதே சிரமமாயிற்று. வெளிச்சத்தை உணர்ந்து விளக்கைப் போடும் சென்சார் போய்விட்டது என்று கூறிய கடைக்காரர், 680 ரிங்கிட் வாங்கிக்கொண்டு புதியதை மாட்டினார். பழையதைத் திருப்பித் தரவில்லை. விளக்கு மறுபடியும் பகலில் எரிந்தபோது, கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும், 2,000 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்றார்.

அதற்குச் சம்மதிக்காமல் செந்தூலில் எனக்குப் பழக்கமான ஃபோர்மேனிடம் (கார் மெக்கானிக்) காரைக் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. கைப்பேசியின் டார்ச்சைப் பின்நோக்குக் கண்ணாடிக்கு நேராக, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டிப் பிடித்தார். சில வினாடிகளில் விளக்குகள் அணைந்தன. டார்ச்சை எடுத்ததும் மீண்டும் எரிந்தன. "சென்சார் நல்லாத்தான் இருக்கு தம்பி, அதோட கண்ணத்தான் மூடி வச்சிருக்காங்க" என்றார்.

என் காரில் அந்த இடத்தில் இருப்பது ஓர் ஒளி டையோடு. விழும் வெளிச்சத்துக்கு ஏற்ப அதில் உண்டாகும் மின்னோட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், கட்டுப்பாட்டுப் பெட்டி இருட்டிவிட்டதாகக் கருதி விளக்கைப் போடுகிறது. மேம்பால நிழலைக் கடக்கும்போதெல்லாம் விளக்கு மின்னி மின்னி அணையாதிருக்க, போடுவதற்கு ஓர் அளவும் அணைப்பதற்கு அதைவிடக் கூடுதலான இன்னோர் அளவும், இடையில் சிறிது தாமதமும் வைத்திருக்கிறார்கள். கருத்த ஃபிலிம் சென்சாரின் மேலேயே படிந்துவிட்டால், அதற்கு நண்பகலும் அந்திப்பொழுதுதான். அந்த இடத்தை மட்டும் வெட்டி விட்டுவிடுவது டிண்டட் தொழிலில் பாலபாடம். தொழிலே அதுவாக இருப்பவருக்கு இது தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அத்துடன் முடியவில்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) விதிப்படி முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காட்டையும் உள்ளே விட வேண்டும். ஜேபிஜே விதிக்கு உட்பட்டது என்று வாய்கூசாமல் சொல்லி ஒட்டப்பட்ட என் முன்கண்ணாடி, ஒளியை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 70-ஐ எட்டவேயில்லை. மழைத்துளியை உணர்ந்து வைப்பரை ஓடவிடும் மழை சென்சாரைக் கண்ணாடியுடன் இணைக்கும் ஜெல்லையும் பிய்த்து மறுபடி அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்; வெளியே நின்று பார்த்தாலே அதில் காற்றுக் குமிழிகள் தெரிந்தன. தூறல் இல்லாதபோதும் வைப்பர் ஓடியதன் காரணம் அதுதான்.

ஃபோர்மேன் அண்ணன் ஃபிலிமில் சென்சார் அளவுக்கு ஒரு கட்டம் வெட்டியெடுத்து, புது ஜெல் வைத்துக் கொடுத்தார்; விளக்கும் வைப்பரும் பழையபடி இயங்குகின்றன.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்திக் கோரிக்கை பதிந்துள்ளேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே கொண்டுசெல்லலாம். உங்களுக்கும் இதே காரணம் சொல்லிச் சென்சார் மாற்றப்பட்டிருந்தால், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், ஃபிலிமை வெட்டுவதற்கு முன் சென்சார் பகுதியை வெளியிலிருந்து படம் எடுத்துவிடுங்கள்.