‘நடக்கலாம், நடக்காமலும் போகலாம்’: ஓசிடி சிகிச்சையில் மூன்று வருடம்

போன வாரம் ஒரு நண்பர் கூப்பிட்டார். அவர் தம்பிக்கும் ஓசிடியாம் (வேண்டாத நினைப்புகள் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க எதையாவது சடங்கு மாதிரி செய்துகொண்டே இருக்கவைக்கும் மனநோய்). “நீ போற அந்த சிகிச்சைக்கு அனுப்பினா சரியாயிடுமா?” என்று கேட்டார். “ஆகலாம், ஆகாமலும் போகலாம்” என்றேன். அவர் பேச்சை அதோடு முடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. அந்த வாக்கியம் என்னுடையதும் இல்லை, என் தெரபிஸ்டுடையது.

கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லாம் எனக்குக் கிடையாது. என்னுடையது வெளியே தெரியாத ரகம். அண்ணன் குழந்தையைத் தூக்கினால் ‘கீழே போட்டுவிட்டால்?’ என்று ஒரு நினைப்பு வரும். அது வந்ததற்காகவே நான் கெட்டவன் என்று அடுத்த நினைப்பு. அப்புறம் ராத்திரி வரைக்கும் எனக்கு நானே வக்கீல்.

முதலில் பார்த்த ஆலோசகர் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு, நினைப்பு வரும்போதெல்லாம் சுண்டச் சொன்னார். கை சிவந்ததுதான் மிச்சம். இப்போது பார்ப்பவர் முதல் நாளே ராக்மன், டி சில்வா என்ற உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். நோய் இல்லாதவர்களுக்கும் இதே மாதிரி நினைப்புகள் வருமாம். அவர்கள் ‘சீ’ என்று விட்டுவிடுகிறார்கள், நான் விசாரணைக் கமிஷன் வைக்கிறேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்தது எண்ணப் பதிவேடு. நினைப்புக்கு ஆதரவான சான்று, எதிரான சான்று என்று எழுத வேண்டும். பலருக்கு உதவுகிறது. எனக்கு இரண்டே வாரத்தில் அதுவே சடங்காகிவிட்டது. நான் நல்லவன் என்பதற்கு ஒரே நாளில் 27 சான்றுகள்! பார்த்துவிட்டு, நோட்டை மூடி வைக்கச் சொன்னார்.

பிறகுதான் ஈஆர்பி (Exposure and Response Prevention). பயப்படுவதை நெருங்கிப் போய், வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருப்பது. 1966-இல் உளவியலாளர் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்ததில் தொடங்கியது இது. என் பயத்தையே கதையாக எழுதி, என் குரலில் பதிவு செய்து, தினமும் கேட்க வேண்டும். பயத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் 85. நான்காவது வாரம் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். என் பயம் எனக்கே சலித்துப்போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். “அப்படி எதுவும் நடக்காதுதானே?” என்று தெரபிஸ்டிடம் மூன்று வருடமாகக் கேட்கிறேன். ஒரு தடவைகூட ‘நடக்காது’ என்று சொன்னதில்லை. அழுதுகொண்டே கேட்டபோதும் அதே “நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.” காரணம் தெரியும். ஆறுதல் கேட்பதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் ஒன்றுதான். கிடைத்த ஆறுதல் பத்து நிமிடம் தாங்காது, மறுபடி கேட்கத் தோன்றும். எல்லாம் தெரியும். ஆனாலும் மனுஷன் ஒரு நாள் வாய் தவறியாவது சொல்லக் கூடாதா? போதாக்குறைக்கு என் மனைவிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். மழை வருமா என்று கேட்டால்கூட இப்போது அதே பதில்.

மாத்திரையும் கூடவே போகிறது, அதனால் முழுப் பெருமையும் சிகிச்சைக்கு இல்லை. ஓசிடி எவ்வளவு கடுமை என்று 40-க்குப் போடும் யேல்-பிரவுன் அளவீட்டில் 28-இல் இருந்தவன் 13-க்கு வந்திருக்கிறேன். அண்ணன் குழந்தைக்கு நான்தான் நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன்.

இந்த சிகிச்சை பிடித்திருக்கிறதா என்றால், இன்றைய மனநிலையில் இல்லை. வியாழக்கிழமைதான் தெரபிஸ்டிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு அதே பதிலோடு கோபமாக எழுந்து வந்தேன். நண்பரின் தம்பிக்கு அவருடைய நம்பரை அனுப்பிவிட்டேன்.