நாய் ட்ரெய்னர் கோர்ஸுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

38,500 ரூபாய் போச்சு. அக்கா மகன் நாய் ட்ரெய்னர் ஆகணும் என்று ஆசைப்பட்டான், அவனுக்காகக் கட்டிய பணம். சென்னையில் நாய்களைப் போர்டிங் எடுக்கும், அதாவது சொந்தக்காரர் ஊரில் இல்லாதபோது தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இடம், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டுச் 'சான்றிதழ் கோர்ஸ்' நடத்துகிறது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

சொன்னது இது: 60 மணி நேரம் நேரடிப் பயிற்சி, பேட்ச்சுக்கு ஆறு பேர், ஆளுக்கொரு நாய், கடைசியில் 'இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட்'. நம்ப வைத்தது டெமோ. மெயின் ரோட்டை ஒட்டிய வாசலில் ஒரு லேப்ரடாரை உட்கார வைத்தார்கள், கயிறு கூட இல்லை. பஸ் ஹாரன் அடிக்கிறது, எதிர்ப்பக்கம் தெருநாய் குரைக்கிறது, அது கண்ணைக்கூட எடுக்கவில்லை. "மூணு மாசத்துல உங்க பையனும் இதைச் செய்வான் சார்" என்றார் நடத்துகிறவர். அங்கேயே நின்று ஜிபேயில் 38,500 அனுப்பினேன். அந்த லேப்ரடார் வேறு ஊரில் வேறொருவர் பழக்கி, போர்டிங்குக்கு வந்திருந்த நாய். கூண்டு கழுவும் பையன் பிறகு சொன்னான்.

கிடைத்தது ஒரு வாட்ஸ்அப் குரூப், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கிற வெளிநாட்டு யூடியூப் லிங்க்குகள், ஒரு பிடிஎஃப், இரண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பிடிஎஃப்பில் விலங்குகள் எப்படிப் பழகுகின்றன என்று ஆராய்ந்த பாவ்லோவின் மணி, ஸ்கின்னரின் பெட்டி எல்லாம் படத்தோடு இருக்கிறது. நாயின் கயிறு எவன் கையிலும் வரவில்லை. பதினான்கு பேருக்கு மூன்று நாய்.

அந்த வகுப்பின் வீடியோ பையனிடம் இருக்கிறது. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் மாட்டிய ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிகிறது. 'சோம்பேறி' என்று சொல்லிச் செயினைச் சுண்டுகிறார் வாத்தியார். அது சோம்பல் இல்லை ஐயா, பயம்! 'என்னை விடு' என்று நாய் கேட்பதே இப்படித்தான். கேட்டும் விடாவிட்டால் உறுமும். உறுமினதற்கும் அடி வாங்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். இதை முதல் நாளே சொல்லித்தராதவன் பிள்ளைகளைக் கடி வாங்கத்தான் தயார் பண்ணுகிறான்.

வெறும் 'உட்கார்' கற்றுக்கொடுக்கவே ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கிளிக்கரை (அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும் சின்னக் கருவி) அழுத்தி உடனே தீனி, இதே போல் பத்துப் பதினைந்து தடவை. சத்தம் வந்தால் தீனி வரும் என்று நாய்க்குப் பதியணும். பிறகு பட்டாணி அளவு கோழித்துண்டை மூக்கருகே பிடித்து மெதுவாகத் தலைக்குப் பின்பக்கமாக நகர்த்தணும். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகக் கீழே வரும். தரையைத் தொட்ட நொடியில் கிளிக், அடுத்த ஒரு நொடிக்குள் தீனி. தாமதித்தால் நாய் எழுந்துவிடும், நீங்கள் எழுந்ததற்குத் தீனி கொடுத்தவராவீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். நாய் தயங்காமல் உட்கார ஆரம்பித்தபின்தான் வாய்ச்சொல். அப்புறம் உட்கார்ந்திருக்கும் நேரம், நீங்கள் நிற்கும் தூரம், சுற்றியுள்ள கவனச்சிதறல், மூன்றையும் ஒவ்வொன்றாகக் கூட்டணும். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைக்கணும். அந்த லேப்ரடார் ரோட்டோரம் அசையாமல் இருந்தது இப்படி யாரோ பொறுமையாக ஏற்றியதால். 38,500 வாங்கியவர்கள் இதில் முதல் படியைக்கூடத் தொடவில்லை.

கேட்டால் பதில் என்ன தெரியுமா? முதலில் "ட்ரெய்னருக்கு டைஃபாய்டு". அடுத்து "பேட்ச் நிறையல சார், அடுத்த மாசம் அட்ஜஸ்ட் பண்ணிடலாம்". பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "ரீஃபண்ட் பாலிசியில இல்லையே". எந்தப் பாலிசி, எங்கே எழுதியிருக்கிறது என்றால் பதில் இல்லை. ரசீது கேட்ட அன்றே பையனைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது.

ட்ரெய்னர் ஆவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது:

நம் நாட்டில் நாய் ட்ரெய்னருக்கு அரசு லைசென்ஸ் என்று ஒன்று கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம். வெளிநாட்டில் மதிப்புள்ள, நாய் ட்ரெய்னர்களுக்கான சிபிடிடி-கேஏ (CPDT-KA) தேர்வு எழுதவே, கடந்த மூன்று வருஷத்தில் 300 மணி நேரமாவது பயிற்சி கொடுத்த அனுபவம் காட்டணும். 60 மணி நேரத்தில் 'இன்டர்நேஷனல்' என்றால் நம்பாதீர்கள்.

டெமோ நாயைப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்றுமே பழகாத ஒரு நாயைக் கொண்டுவரச் சொல்லி, அதில் பத்து நிமிஷம் வேலை செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வகுப்பைக் கூடவே உட்கார்ந்து பார்க்க விடாத இடம் வேண்டாம். எத்தனை நாய், எத்தனை மணி நேரம், பணம் திரும்பும் விதி எல்லாம் எழுத்தில் வந்தபின் தவணையாகக் கட்டுங்கள். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள். கடி பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சாட், விளம்பர ஸ்கிரீன்ஷாட், பணம் போன விவரம் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடணும். நான் போட்டுவிட்டேன். அதே பேட்ச்சில் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் போடுங்கள். அதே லேப்ரடார் வீடியோவை வைத்து அடுத்த பேட்ச்சுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.