பீச் ரோடு 10 கே ஓட்டம்: பொங்கலுக்கு அஞ்சு ஸ்டார், ஸ்டார்ட்டிங்குக்கு ஒண்ணு

போன ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர்ல ஓடுனது, யார் நடத்துனாங்கன்னு பேர் வேண்டாம். டி-ஷர்ட், மெடல், முடிஞ்சதும் குடுத்த சூடான பொங்கல், எதுலயும் குறை இல்ல. ஆனா ஸ்டார்ட் இருக்கே, 50 நிமிஷத்துல முடிக்கிறவங்க, செல்ஃபிக்கு வந்தவங்க, குழந்தைய வண்டில வச்சு தள்ளுறவங்க எல்லாரையும் ஒரே விசில்ல அவுத்து விட்டுட்டாங்க, முதல் கிலோமீட்டர் நான் ஓடவே இல்லங்க, தீபாவளி டைம் ரங்கநாதன் தெரு மாதிரி இடிபட்டே நகர்ந்தேன். நாலு பேர் கைகோத்து ரோட்ட அடைச்சு நடக்குறாங்க, "அண்ணா கொஞ்சம் லெஃப்ட்"னு கத்துனா காதுல இயர்போன்!

தண்ணி டேபிள்ட்ட முன்னாடி போனவர் சடன் பிரேக் போட, நான் அவர் முதுகுல, பின்னாடி வந்த அக்கா என் குதிகால்ல, ஷூ கழண்டே போச்சு. ஓரமா ஒதுங்கி நின்னு குடிச்சா என்னவாம்?

லண்டன் புஷி பார்க்ல 2004ல 13 பேரோட ஆரம்பிச்ச பார்க்ரன் ஓட்டத்துக்கு இப்ப வாராவாரம் ஆயிரம் பேருக்கு மேல வர்றாங்க, கூட்டம் எல்லா ஊர்லயும் தான். வேகமா ஓடுறவங்கள முன்னாடி நிக்க வச்சு பேட்ச் பேட்ச்சா விட்டாலே பாதி இடி குறையும். அப்படி விட்டா அடுத்த வருஷமும் வரேன். விடலன்னாலும் பொங்கலுக்காக வந்துருவேன்னு நினைக்கிறேன்.