அடிக்கடி விலகும் தோள்: விளிம்பைத் தைப்பதா, எலும்பை வைப்பதா?

முதல் முறை தோள் இறங்கியபோது பலமான அடி தேவைப்பட்டது. இப்போது தூக்கத்தில் புரண்டு படுத்தாலே இறங்குகிறது. மற்றொரு கையால் லேசாகத் தள்ளினால் உள்ளேயும் போய்விடுகிறது. 'பழகிவிட்டது' என்று பலரும் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். ஆனால் இது கெட்ட அறிகுறி. கையை முழுதாக உயர்த்தி வெளிப்புறம் திருப்பும்போது மட்டும் விலகினால், கிழிந்தது பெரும்பாலும் லேப்ரம் என்ற குருத்து விளிம்பு மட்டுமே. கையைப் பாதி தூக்கியதுமே, சட்டை மாட்டும்போதே நழுவினால் எலும்பும் போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். சுலபமாக உள்ளே போவதற்கும் காரணம் அதுதான்: வழிமறிக்க விளிம்பு இல்லை.

தோள்மூட்டு என்பது ஆழமில்லாத சிறு தட்டில் பெரிய பந்து ஒன்று உட்கார்ந்திருப்பது போன்றது. பந்து முன்பக்கம் சரியும்போது தட்டின் முன்விளிம்பு உடைகிறது, அல்லது தேய்கிறது. அதே நொடியில் அந்த விளிம்பு பந்தின் பின்பகுதியில் குத்திப் பள்ளம் உண்டாக்குகிறது. 1940-இல் இதை விவரித்த இரு கதிரியக்க மருத்துவர்களின் பெயரால் இந்தப் பள்ளத்துக்கு ஹில்-சாக்ஸ் என்று பெயர். ஒவ்வொரு விலகலும் இரண்டு பக்கத்தையும் இன்னும் கொஞ்சம் அரிக்கிறது. பயிற்சியால் தசை வலுப்படும். போன எலும்பு திரும்பாது.

இதைக் கணக்கில் எடுக்காமல் விளிம்பை மட்டும் தைத்தால் என்ன ஆகும் என்பதை 2000-இல் பர்க்கார்ட், டி பியர் என்ற இரு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட 194 அறுவைகளின் கணக்கு காட்டியது. குறிப்பிடத்தக்க எலும்பு இழப்பு இல்லாதவர்களில் 4 சதவீதம் பேருக்கு மீண்டும் விலகியது. இழப்பு இருந்தவர்களிலோ 67 சதவீதம். தைத்தவர்களும் அவர்களே, தைத்த முறையும் அதுவே.

முதலில் அளவு

எக்ஸ்ரே சந்தேகத்தைக் கிளப்பும், அளவு சொல்லாது. எம்ஆர்ஐ லேப்ரத்தையும் தசைநார்களையும் நன்றாகக் காட்டும். எலும்பை அளக்க நம்பத் தகுந்தது முப்பரிமாண சிடி ஸ்கேன். அதில் பந்தை நீக்கிவிட்டுக் குழியை, அதாவது பந்து உட்காரும் தட்டை, நேர்முகமாகப் பார்க்க வேண்டும். இந்தப் படம் வேண்டும் என்று ஸ்கேன் எழுதும்போதே குறிப்பிட வேண்டும்.

குழியின் கீழ்ப்பாதி ஏறக்குறைய முழு வட்டம். அதன்மேல் பொருந்தும் வட்டம் வரைந்து, முன்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று பார்ப்பார்கள். விட்டம் 28 மிமீ, குறைவு 6 மிமீ என்றால் இழப்பு 21 சதவீதம். இங்கே ஒரு பொறி உண்டு. சிலர் அகலத்தில் கணக்கிடுகிறார்கள், சிலர் பரப்பில். அகலத்தில் 20 சதவீதம் என்பது பரப்பில் சுமார் 14 சதவீதம்தான். அறிக்கையில் வெறும் சதவீதம் மட்டும் இருந்தால், எதில் அளந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

தையல் போதாது, எலும்பு வைக்க வேண்டும் என்பதற்கு நெடுநாளாக இருந்துவரும் எல்லைக்கோடு 20 முதல் 25 சதவீதம். 2015-இல், விளிம்பைத் தைத்துக்கொண்ட ராணுவத்தினரிடம் நடந்த ஓர் ஆய்வு 13.5 சதவீதத்தைச் சுட்டியது. அதற்கு மேல் இழந்தவர்களில், தோள் மீண்டும் விலகாதவர்களுக்கும்கூட அதன் பயன்பாடு திருப்தியாக இல்லை.

குழியை மட்டும் அளப்பதும் பாதி வேலைதான். பந்தின் பள்ளம் குழி விளிம்பைத் தாண்டுமா என்பதற்கு இன்னொரு கணக்கு உண்டு. குழியின் இயல்பான விட்டத்தில் 83 சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து போன எலும்பின் அகலத்தைக் கழிக்க வேண்டும். கிடைப்பது பந்து உருளும் பாதுகாப்பான பாதை. பள்ளத்தின் அகலத்தோடு, அதற்கும் தசைநார் ஒட்டும் இடத்துக்கும் நடுவில் எஞ்சிய எலும்பைக் கூட்டினால் வருவது பள்ளத்தின் வீச்சு. வீச்சு பாதைக்குள் அடங்கினால் பள்ளம் விளிம்பில் சிக்காது. மீறினால் சிக்கி விலகும்.

ஒரே பள்ளத்தை மூன்று தோள்களில் வைத்துப் பார்ப்போம். பள்ளம் 15 மிமீ, நடு எலும்பு 4 மிமீ, ஆக வீச்சு 19. குழியின் விட்டம் மூவருக்கும் 28, அதில் 83 சதவீதம் 23.2. முதலாமவர் இழந்தது 2 மிமீ: பாதை 21.2, அடங்குகிறது. இரண்டாமவர் இழந்தது 4: பாதை 19.2, மயிரிழையில் அடங்குகிறது. மூன்றாமவர் இழந்தது 6: பாதை 17.2, அடங்கவில்லை. பள்ளம் ஒன்றுதான், செய்ய வேண்டிய அறுவை மூன்று விதம்.

பாங்கார்ட் தையல்

முதலாமவருக்கு இது போதும். நுண்துளை வழியே, பிய்ந்த லேப்ரத்தையும் தொய்ந்த மூட்டு உறையையும் குழி விளிம்பில் ஆங்கர் (நூல் கோத்த சிறு ஆணி) இறக்கி இழுத்துக் கட்டுவது. மூன்றுக்குக் குறையாமல், கூடுமானால் நான்கு ஆங்கர்கள் வேண்டும். அவை விளிம்பின் மேலேயே உட்கார வேண்டும். உள்ளே தள்ளிப் போட்டால் லேப்ரம் தட்டையாக ஒட்டிக்கொண்டு தடுப்புச் சுவராக நிற்காது. உடலமைப்பை மாற்றாத அறுவை, சிக்கல்கள் குறைவு. இவை பெரிய நன்மைகள்தான். ஆனால் 20 வயதுக்குள் இருக்கும், மோதல் விளையாட்டு ஆடும், மூட்டுகள் இயல்பிலேயே தளர்ந்த ஒருவருக்கு, எலும்பு ஓரளவு போயிருந்தாலே இதை மட்டும் நம்புவது சரியல்ல.

உடைந்த எலும்புத் துண்டு இன்னும் அங்கேயே இருந்தால் நல்ல வாய்ப்பு. அதையும் சேர்த்துக் கட்டினால் சொந்த எலும்பே திரும்பக் கிடைக்கும். தள்ளிப்போட்டால் துண்டு கரைந்து சிறுத்துவிடும். முதல் ஒரு வருடத்திலேயே பெரும்பகுதி கரைவதுண்டு.

பாங்கார்டோடு ரெம்ப்ளிசாஜ்

பிரெஞ்சில் 'நிரப்புதல்' என்று பொருள். பந்தின் பள்ளத்துக்குள் பின்பக்க இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசைநாரை இறக்கித் தைத்துவிடுவார்கள். பள்ளம் விளிம்பில் சிக்க வழியில்லாமல் போகும். இரண்டாமவருக்கு என் தேர்வு இதுவே. குழியின் இழப்பு சிறிதாகவும் பள்ளம் பெரிதாகவும் இருப்பவர்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். இதற்கான விலை, கையை வெளிப்புறம் திருப்பும் அளவு கொஞ்சம் குறைவது. அன்றாட வாழ்வில் பலருக்கு அது தெரியாது. பந்து எறிபவருக்குத் தெரியும். ஆகவே எறியும் கையென்றால் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். குழியில் போன எலும்பை இது ஈடுகட்டாது என்பதையும் மறக்கக் கூடாது.

லடார்ஜே

மூன்றாமவருக்கு எலும்பு வைத்தே ஆக வேண்டும். 1954-இல் லடார்ஜே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் விவரித்த முறை இது. தோளின் முன்பக்கம் கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கோரகாய்டு எலும்பில் 2 முதல் 2.5 செமீ துண்டை, அதில் ஒட்டிய தசைநாரோடு வெட்டி, குழியின் முன் கீழ் விளிம்பில் இரண்டு ஸ்க்ரூவால் பொருத்துவார்கள். எலும்பு குழியை அகலமாக்குகிறது. கை உயரும்போது அந்தத் தசைநார் ஊஞ்சல் கயிறுபோல் பந்தை முன்னிருந்து தாங்குகிறது. தாங்குவதில் பெரும்பங்கு இந்தக் கயிற்றுக்கே.

பலன் உறுதி, பிழைக்கு இடம் குறைவு. துண்டு குழியின் பரப்போடு சமமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மிமீ வெளியே துருத்தினால் பந்து அதில் உரசும், சில ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வரும். உள்ளே தள்ளிப்போனால் தோள் மீண்டும் விலகும். துண்டின் அடிப்பரப்பைச் செதுக்கி, ரத்தம் கசியும் எலும்பின்மேல் வைக்காவிட்டால் ஒட்டாது. ஒட்டாத எலும்பில் ஸ்க்ரூ வளையும், உடையும். ஸ்க்ரூ உட்புறம் அதிகம் சாய்ந்தால் பின்னால் ஓடும் சுப்ராஸ்கேபுலர் நரம்பைத் தொடும். முழங்கையை மடக்கும் தசைக்குப் போகும் நரம்பும் அக்குள் நரம்பும் பக்கத்திலேயே இருக்கின்றன. இதை அடிக்கடி செய்து கைபழகியவரிடம் போவது அவசியம் என்பது இதனால்தான்.

இடுப்பெலும்பு, அல்லது தானமாகப் பெற்ற எலும்பு

28 மிமீ குழியில் 11 மிமீ போயிருந்தால் சுமார் 10 மிமீ தடிமனுள்ள கோரகாய்டு எட்டாது. லடார்ஜே ஒருமுறை செய்து தோற்றவரிடம் கோரகாய்டே இருக்காது. இவர்களுக்கு இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து துண்டு எடுப்பார்கள். வேண்டிய அளவுக்கு வெட்டலாம், சொந்த எலும்பு என்பதால் நன்றாக ஒட்டும். எடுத்த இடத்தில் வலியும் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவதும் வரலாம். தானமாகப் பெற்ற கணைக்கால் எலும்பின் (டிபியா) அடிப்பகுதியில் வளைவும் குருத்தும் குழிக்கு ஒத்துப்போகின்றன. எலும்பு வங்கி வேண்டும், சிலரிடம் துண்டு கரைந்துபோவதும் உண்டு. இரண்டிலும் ஊஞ்சல் கயிறு கிடையாது. அதனால் கோரகாய்டு போதுமானபோது இவற்றுக்குத் தாவுவதை நான் ஆதரிப்பதில்லை.

வலிப்பு நோயால் தோள் விலகுகிறவர்களுக்கு வரிசையே வேறு. ஒவ்வொரு வலிப்பிலும் தசைகள் முழு வேகத்தில் இறுகி எலும்பை நொறுக்குவதால் இழப்பு மிகப் பெரிதாக இருக்கும். எலும்பு வைக்கும் அறுவைதான் பெரும்பாலும் தேவைப்படும். ஆனால் வலிப்பு மருந்தால் கட்டுக்குள் வராத நிலையில் வைத்த துண்டும் அடுத்த வலிப்பில் உடையலாம். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நரம்பியல் மருத்துவரை. தேதி குறிப்பது அதற்குப் பிறகு.