அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, ஒப்படைத்த பள்ளி: பெயர்ப்பலகைக்குப் பின்னால் என்ன மாறுகிறது?

அரசுப் பள்ளியை மானியத்தோடு ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தால் என்ன என்ற பேச்சு வரும்போதெல்லாம், "உதவிபெறும் பள்ளிகள் அப்படித்தானே ஓடுகின்றன?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் பல தலைமுறைகளைப் படிக்கவைத்த உதவிபெறும் பள்ளிகள் இருப்பதால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உதவிபெறும் பள்ளியில் இடமும் கட்டடமும் பெரும்பாலும் நிர்வாகத்தினுடையவை. ஒப்புதல் பெற்ற பணியிடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. ஒப்படைப்பில், ஊரார் தானமாக எழுதிக்கொடுத்த மனையும் அரசுப் பணத்தில் எழும்பிய கட்டடமும் கைமாறுகின்றன. நடத்தும் செலவுக்கும் அரசே பணம் தருகிறது.

நன்கொடையோடும் இதைக் குழப்பக் கூடாது. வெளியார் வகுப்பறைக்கு வர்ணம் பூசலாம், கழிப்பறை கட்டித் தரலாம். ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் எப்போது கைமாறுகிறதோ, அப்போதுதான் பள்ளி கைமாறுகிறது.

முதலில் உடைவது வரவுசெலவு. கடலோரக் குப்பம் ஒன்றில் 58 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பேர் வரை 2 ஆசிரியர்கள் வேண்டும். எண்ணிக்கை 42 ஆனாலும் அதே 2 பேர்தான். பிள்ளைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தால், 100 ரூபாய் வந்த இடத்தில் 72 ரூபாய்தான் வரும். சம்பளமோ, மின்கட்டணமோ, துப்புரவுப் பணியாளர் கூலியோ குறையாது. தொகுப்பூதியத்துக்கு ஆள் எடுப்பது, பெற்றோரிடம் வேறு பெயரில் பணம் கேட்பது, பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கச் சொல்வது என இந்த வழிகள்தான் நடத்துபவருக்கு மிஞ்சும். எதை எடுத்தாலும் இழப்பு குப்பத்துப் பிள்ளைக்கு.

அரசுப் பள்ளியில் குறையே இல்லையா? உண்டு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால், மற்றவர் ஐந்து வகுப்பையும், எமிஸ் என்னும் இணையவழிப் பள்ளி விவரப் பதிவையும் சேர்த்துச் சுமக்கிறார். அதற்கு மருந்து மூன்றாவது பணியிடம். உதவிபெறும் பள்ளிகளிலும் நியமன ஒப்புதல் இழுத்தடிக்கப்பட்டால் ஆசிரியர் சம்பளமின்றி நிற்க நேர்கிறது. ஒப்படைப்பு இந்த இரண்டு நோயையும் தீர்ப்பதில்லை.

உரிமைகளில் வரும் மாற்றம் இன்னும் ஆழமானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அரசுப் பள்ளியில் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்கிறது. உதவிபெறும் பள்ளிக்கோ, ஆண்டுச் செலவில் மானியம் எத்தனை பங்கோ அத்தனை பங்குப் பிள்ளைகளுக்கு. குறைந்தபட்சம் 25 சதவீதம். மருத்துவப் படிப்பில் தமிழ்நாடு 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், புதுச்சேரி 2023இல் கொண்டுவந்த 10 சதவீதமும் அரசுப் பள்ளி மாணவருக்கு உரியவை. பள்ளியின் வகைப்பாடு மாறினால் இவை என்னாகும் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

ஆப்பிரிக்க நாடான லைபீரியா 2016இல் 93 அரசுப் பள்ளிகளைத் தனியாரிடம் கொடுத்துப் பார்த்தது. முதல் ஆண்டில் கற்றல் உயர்ந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூடுதல் பணமும் கூடுதல் ஆசிரியர்களும் இறங்கியிருந்தன. ஒரு நிறுவனம் வகுப்புக்கு வரம்பு வைத்து, மிகுந்த பிள்ளைகளை வெளியே அனுப்பியது. அவர்கள் போய்ச் சேர வேண்டியிருந்தது மற்ற பள்ளிகளில்தான்.

நம் கரையோரத்துக்கு மட்டும் உரிய ஒன்றும் இருக்கிறது. புயல், வெள்ளம் என்றால் இங்கே ஜனம் ஒதுங்கும் இடங்களில் பள்ளிக்கூடமும் ஒன்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியது இந்தக் கடலூர், புதுச்சேரிக் கரையில்தான். ராத்திரி பதினோரு மணிக்குச் சாவி யார் கையில் இருக்கும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய வரி.

உங்கள் ஊரில் இந்தப் பேச்சு எழுந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். தீர்மானத்தை நோட்டில் எழுதி, அன்றே கையெழுத்து வாங்கி, நகல் எடுத்துவையுங்கள். அடுத்த கிராம சபையிலும் அதே தீர்மானத்தை வையுங்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு வரைவு ஒப்பந்தத்தைக் கேளுங்கள்; பதிலுக்குக் கெடு 30 நாள். கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கங்களை முதலில் படியுங்கள். நடத்துபவர் நடு ஆண்டில் விலகினால் எத்தனை நாளில் அரசு ஆசிரியரை அனுப்பும், மாற்றுச் சான்றிதழில் யார் கையெழுத்திடுவார் என்பது அங்கேதான் இருக்கும், அல்லது இருக்காது.