டார்சோ மாடல்: எல்லாம் கழலும், உதரவிதானம் மட்டும் அசையாது

செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கும் தோழி ஒருத்தி, உறுப்புகளைக் கழற்றி மாட்டும் டார்சோ மாடல், அதாவது மனித உடற்பகுதிப் பொம்மை, வாங்கலாமா என்று கேட்டாள். விலை வேறு இறங்கியிருக்கிறதாம். சில வருடங்களாக என்னிடம் ஒன்று இருக்கிறது. கல்லீரலைப் பிடித்திருந்த காந்தம் கழன்றுபோய் இப்போதுதான் பசை போட்டு ஒட்டினேன். மற்றபடி உழைப்பில் குறையில்லை.

இதில் கழற்றுவதைவிடத் திரும்ப அடுக்குவதில்தான் பாடம் இருக்கிறது. சிறுநீரகங்கள் முதுகுச் சுவரை ஒட்டி உட்காருபவை, அதனால் அவைதான் முதலில் போக வேண்டும். மேலே கல்லீரல் இருப்பதால் வலது சிறுநீரகம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அடுத்து முன்சிறுகுடலின் (சிறுகுடலின் முதல் பகுதி) வளைவு, அந்த வளைவுக்குள் கணையத்தின் தலை. இவற்றை வைத்த பிறகுதான் இரைப்பைக்கு இடம். வரிசை மாறினால் முன்பக்க மூடி மூடாது. இடது நுரையீரல் ஏன் சிறியது என்பதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். இதயத்துக்கு விட்ட பள்ளம் விரலுக்கே தெரியும். படத்தைப் பார்த்து வருடக்கணக்கில் படித்தாலும் இந்த முன்பின் உணர்வு இவ்வளவு சீக்கிரம் வராது.

ஆனால் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது மட்டும் உடம்போடு சேர்த்து வார்த்த கெட்டித் தட்டு. மேலே மூச்சு, கீழே செரிமானம், நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அவ்வளவுதான் என்பதுபோல் நிற்கிறது.

உண்மையில் அமைதியாக மூச்சு விடும்போது பெரும்பாலான வேலையைச் செய்வதே அந்தத் தசைதான். அது சுருங்கி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் மார்புக்குள் அழுத்தம் குறைந்து காற்று உள்ளே வருகிறது. அதே நொடியில் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, உடம்பின் கீழ்ப்பகுதி ரத்தத்தைச் சுமக்கும் கீழ்ப்பெருஞ்சிரையில் இருக்கும் ரத்தம் இதயத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. கல்லீரலும் கூடவே இறங்குகிறது. மருத்துவர் கல்லீரலைத் தொட்டுப் பார்க்கும்போது மூச்சை நன்றாக இழுக்கச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், உதரவிதானத்தைக் கடந்து குழாய்கள் போகும் மூன்று வழிகள். கீழ்ப்பெருஞ்சிரை 8ஆவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் நடுவிலுள்ள தசைநாண் வழியாக ஏறுகிறது. தசை சுருங்கும்போது அது நசுங்குவதில்லை. உணவுக்குழாய் 10ஆவதின் மட்டத்தில் தசைக்கு நடுவே இறங்குகிறது. அந்தத் தசையின் பிடிதான் இரைப்பை அமிலம் மேலே ஏறாமல் தடுக்க உதவுகிறது. பெருந்தமனி 12ஆவதின் மட்டத்தில் பின்பக்கமாகவே போய்விடுகிறது. என் மாடலில் இந்த மூன்றும் வெறும் பெயின்ட் வட்டங்கள்! இந்தத் தசையை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு கழுத்தில், 3 முதல் 5 வரையிலான கழுத்து நரம்புகளிலிருந்து கிளம்புகிறது. உதரவிதானத்துக்குக் கீழே ஏற்படும் எரிச்சல் சிலருக்குத் தோள்பட்டை வலியாகத் தெரிவது அந்த வழியாகத்தான். அந்த நரம்பும் மாடலில் கிடையாது.

சுவாச மண்டலம், ரத்த ஓட்ட மண்டலம், செரிமான மண்டலம் என்று தனித்தனி அத்தியாயமாகப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு, அவை கைகோக்கும் இடத்தை அல்லவா முதலில் காட்ட வேண்டும்? அதையே அசையாமல் வார்த்து வைத்தால் எப்படி?

ஆகவே, அடுக்கும் பாடத்தை இவ்வளவு புகழ்ந்த பிறகும் தோழிக்கு நான் சொன்னது: வாங்காதே. அடுக்கிப் பழக என்னுடையதை எடுத்துக்கொண்டு போ. மூச்சு விடும்போதே எடுத்த எம்ஆர்ஐ காணொளி ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டு, கல்லீரல் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார். உதரவிதானம் தனியாகக் கழலும் மாடல் கிடைத்தால் அப்போது காசைச் செலவு செய்.